மாமா கை வைத்துப் பார்த்த கதவுகள்

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் எட்டிப் பார்ப்பவர்களுக்காக முதலில் நாலு வரி. வாராவாரம் வருகிறவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

கராஜ் கதவு மாட்டுவதும், மாட்டிய கதவைப் பழுது பார்ப்பதும் இந்தக் குடும்பத்தின் தொழில். எல்லோரும் கதவுக்காரர் என்று கூப்பிடும் அப்பா. ஒரே மகன். இரண்டு பேரும் ஒரே வேனில் போய், ஒரே ஏணியில் மாறி மாறி ஏறி வேலை பார்த்தவர்கள். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு காலை வேளையில், ஏதோ ஒரு வீட்டுக் கதவின் மேலிருந்த ஸ்பிரிங் விட்டுக்கொண்டது. மகன் வீடு திரும்பவில்லை.

மிச்சம் மூன்று பேர். கதவுக்காரர், அவர் மனைவி, மருமகள்.

மருமகள் அதுவரை எலெக்ட்ரானிக் போர்டுகளில் ஈயம் வைக்கும் தொழிற்சாலையில் இருந்தவள். ஒயர் விஷயம் அவளுக்கு அத்துப்படி. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போன மூன்றாவது வாரம், ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து, "நான் ஓட்டறேன் மாமா, போலாம்" என்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அன்று மாட்டிய கருவிப் பட்டையை இன்று வரை இடுப்பிலிருந்து கழற்றவில்லை.

அவள் அழவில்லை. உறவுக்காரர்களுக்கு எட்டு மாதமாக வேறு பேச்சே இல்லை. கல்நெஞ்சக்காரி என்றுகூட ஒரு பெரியம்மா சொல்லிவிட்டுப் போனாள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வாடகையா?

உண்மை என்னவென்றால் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. வேனில் பாட்டு ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போடுவார்களே, அப்புறம் கன்னத்தைத் தொட்டால் யாரோ அடுத்த வீட்டுக்காரர் கன்னம் போல இருக்குமே, அந்த மாதிரி.

சரி, இன்றைய நாளுக்கு வருவோம்.

வரிசையாகப் பதினாலு வீடுகள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே சாம்பல் நிறக் கதவு, ஒரே காலத்து மோட்டார். பழைய மோட்டாருக்குக் கண்ணும் கிடையாது, கருணையும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் கதவு இறங்கும். நடுவில் சைக்கிள் இருக்கிறதா, பூனை இருக்கிறதா, செருப்பைத் தேடி மனுஷன் குனிந்துகொண்டிருக்கிறானா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆறாம் வீட்டுக்காரரின் சைக்கிள் ஒருநாள் நசுங்கித் தகடாகிப்போன பிறகுதான் பதினாலு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, எல்லா மோட்டாரையும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். வேலை கதவுக்காரருக்கு வந்தது. மூன்று வாரத்தில் பதினோரு வீடு முடிந்திருந்தது. இன்று பன்னிரண்டாவது.

பன்னிரண்டாம் வீடு ஒரு பேக்கரிக்காரருடையது. கராஜுக்குள் கார் நிற்க இடமில்லாமல் கேக் அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"கதவை அடிக்கடி மூடறதே இல்லம்மா. மூடினா நானே உள்ள மாட்டிக்குவேன்" என்றார் பேக்கரிக்காரர்.

மருமகள் சிரிக்க வேண்டிய இடத்தில் தலையை மட்டும் ஆட்டினாள்.

புது மோட்டார் கூரையில் ஏறியது. கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு சென்சார். வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும்போது கண் என்றே சொல்லிவிடுவார் கதவுக்காரர். ஒரு கண் இன்னொரு கண்ணை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் எது குறுக்கே வந்தாலும் கதவு நின்று, மேலே திரும்பிவிடும்.

ஆனால் அந்தப் பார்வைக்கு மேலே ஒரு கை நீண்டிருந்தால்? கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் இரண்டாவது காவல். கதவு எதன்மேலாவது முட்டினால், முட்டிய மாத்திரத்தில் திரும்ப வேண்டும். எவ்வளவு அழுத்தம் வரை பொறுக்கலாம் என்பதை மோட்டாரின் பின்பக்கம் இருக்கும் சின்னத் திருகில் வைக்க வேண்டும். கூட வைத்தால் ஆளை நசுக்கும். குறைத்து வைத்தால் காற்றடித்தாலே பயந்துகொண்டு மேலே ஏறிவிடும்.

இதைச் சோதிக்க மோட்டாருடன் வரும் கையேட்டில் வழி போட்டிருக்கிறது. கதவுக்காரர் அதைப் பிரித்தே பார்ப்பதில்லை. அவருக்கென்று ஒரு வழி உண்டு. கதவு இறங்கும்போது இடுப்பு உயரத்தில் உள்ளங்கையை மல்லாத்தி நீட்டுவார். கதவு வந்து கையில் உட்காரும். ஒரு நொடி. திரும்பும். கை சொல்வதைக் கேட்டுத் திருகைக் கூட்டுவார், குறைப்பார்.

"கட்டைக்கும் கம்பிக்கும் வலிக்குமா? கதவு படறது மனுஷன் மேல. மனுஷன் கைதான்ம்மா சொல்லணும்."

முப்பத்திரண்டு வருஷமாக இதையேதான் சொல்கிறார். மகனும் அப்பாவிடம் கற்றது இதைத்தான். இந்தத் தெருவின் பதினோரு வீட்டிலும் அவர் கை வைத்துப் பார்த்து, "பூ மாதிரி இருக்கு" என்று சொல்ல, மருமகள் சோதனைத் தாளின் கட்டத்தில் டிக் போட்டு, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

இன்றும் கையை நீட்டினார். கதவு இறங்கி அவர் கையில் உட்கார்ந்தது. கையைக் கொஞ்சம் கீழே தள்ளிக்கொண்டு போய், அப்புறம் திரும்பியது.

"பூ மாதிரி இருக்கு. போட்டுக்கோ."

மருமகள் பேனாவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். கதவின் அடியில் ஓடிய கறுப்பு ரப்பரில் ஒரு சிவப்புக் கோடு. அதன் ஓரத்தில் இருந்த தகட்டு முனை கிழித்திருக்க வேண்டும். மாமாவின் வலது கையிலிருந்து ரத்தம் சொட்டி, அவர் ஷூவின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் பேக்கரிக்காரரிடம் ரிமோட்டைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, கை."

அவர் குனிந்து பார்த்தார். இடது கையைப் பார்த்தார்.

"இந்தக் கை இல்ல மாமா. அந்தக் கை."

அப்புறம்தான் வலது கையைத் தூக்கினார். உள்ளங்கையில் குறுக்காக நல்ல வெட்டு. அதை யாரோ தெரியாதவர்கள் வீட்டு வாசலில் விட்டுப்போன பொட்டலத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அய்யய்யோ, தையல் போடணும் போலிருக்கே!" என்று பேக்கரிக்காரர் துண்டு எடுக்க உள்ளே ஓடினார்.

"லேசாப் பட்டிருக்கு. அவ்வளவுதான்" என்றார் கதவுக்காரர்.

"வலிக்கலையா?"

"இந்தத் தொழில்ல இதெல்லாம் வலின்னு சொல்லிட்டிருந்தா ஆகுமா?"

மருமகள் பேனாவை மூடினாள். ரிமோட்டை வாங்கினாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கதவுக்கு உள்பக்கமாக, சென்சாரின் குறுக்கே கால் படாமல் போய் நின்று, இடுப்பு உயரத்தில் முன்கையை நீட்டி, பொத்தானை அழுத்தினாள்.

"ஏய், என்ன பண்றே!"

கதவு வந்து கையில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது நிற்கவில்லை. அழுத்தியது. அவள் கையைக் கீழே கொண்டு போனாள், கதவும் கூடவே வந்தது. முழங்கால் மடங்கியது. ஏறக்குறைய தரையில் உட்காரும் நிலைக்கு வந்த பிறகுதான் போனால் போகிறது என்று மேலே திரும்பியது.

முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு பட்டை. விண்விண்ணென்று தெறித்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஏதோ ஒன்று வலித்தது. வலிக்கிறது என்பதே அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

துண்டோடு வந்த பேக்கரிக்காரர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, புதுக் கதவு ஆளுக்கு ஒண்ணு கொடுக்குதா?"

"இன்னும் சரி பண்ணலை சார். பத்து நிமிஷம்."

ஏணியில் ஏறித் திருகைக் குறைத்தாள். இறங்கி வந்து கையை நீட்டினாள். மறுபடி ஏறினாள். நாலாவது தடவைதான் கதவு நிஜமாகவே பூப்போல வந்து தொட்டுவிட்டுத் திரும்பியது. அந்தப் பத்து நிமிஷமும் கதவுக்காரர் கேக் பெட்டிகளுக்குப் பக்கத்தில், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாடிக்கையாளர் மாதிரி நின்றார்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் சாவியைப் போட்டாள். திருப்பவில்லை.

"எப்போலேர்ந்து மாமா?"

"என்னது எப்போலேர்ந்து?"

"கையில தெரியாம இருக்கறது."

"இன்னைக்குக் கொஞ்சம் குளிரு. அதான் விறைச்சுப் போச்சு."

"மாமா, உங்க சட்டை வேர்த்து நனைஞ்சிருக்கு."

கதவுக்காரர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பதினாலு வீடும் பதினாலு சாம்பல் கதவும் வரிசையாக நின்றன.

"ஒரு ரெண்டு வாரமா லேசா மரத்த மாதிரி இருக்கு. சரியாயிடும்."

"ரெண்டு வாரம்னா எந்த வீட்டுலேர்ந்து?"

"அது எதுக்கு இப்போ?"

"எதுக்கா? சரியாத் தேதி தெரிஞ்சாத்தானே எந்தெந்த வீட்டுக்குத் திரும்பப் போகணும்னு தெரியும். பதினோரு வீட்டுலயும் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் மாமா. பழைய மோட்டார்னாலாவது ஜனங்க பயந்து ஒதுங்கி நிப்பாங்க. இப்போ நாமளே போய், இனிமே பயமில்ல, கை பட்டா நின்னுடும்னு சொல்லிட்டு வந்திருக்கோம்."

அவள் குரல் உயரவில்லை. கோபம் வந்திருக்க வேண்டிய இடம்தான். வரவில்லை. அகராதியைப் பார்த்துப் படிப்பது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அஞ்சாம் வீடு" என்றார் கதவுக்காரர். "அஞ்சுலேர்ந்து வச்சுக்கோ. அதுக்கு முன்னாடி நாலும் நல்லாத்தான் இருக்கும்."

பதினோராம் வீட்டில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் மணி அடித்து, "ஒரு சின்ன சரிபார்ப்பு, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி, ரிமோட்டை வாங்கி, கையை நீட்டினாள். பதினொன்று, அழுத்தியது. பத்து, அழுத்தியது. ஒன்பதாம் வீட்டில் முழங்கால் வரை தள்ளியது. எல்லாவற்றிலும் ஏணி ஏறித் திருகைக் குறைத்து, பழைய சோதனைத் தாளை வாங்கிக் கிழித்து, புதுத் தாள் எழுதிக் கொடுத்தாள்.

எட்டாம் வீட்டில் யாருமில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்ததில் எங்கே போனார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியவில்லை. ஒரு அட்டையில், 'கராஜ் கதவை ரிமோட்டில் மூட வேண்டாம். முதலில் எங்களைக் கூப்பிடவும்' என்று எழுதி, கதவின் கைப்பிடியில் கம்பி போட்டுக் கட்டிவிட்டு வந்தாள். வீட்டு போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

ஏழு, ஆறு, ஐந்து. சைக்கிளைப் பறிகொடுத்த ஆறாம் வீட்டுக்காரர் புது சைக்கிளை மோட்டாருக்கு எட்டாத தூரத்தில் சுவரில் மாட்டி வைத்திருந்தார். விவரமான மனிதர்.

ஐந்தாம் வீடு முடிந்ததும் கதவுக்காரர், "போதும்மா. வீட்டுக்குப் போலாம்" என்றார்.

அவள் வேனை நேராக ஓட்டிக்கொண்டு போய் முதல் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"இது எதுக்கு? நான்தான் சொன்னேனே."

"பாத்துட்டுப் போயிடலாம் மாமா."

அவர் இறங்கவில்லை.

முதல் வீட்டில் ஒரு இளம் தாய். தவழ்கிற வயதில் இரட்டைக் குழந்தைகள். துணி துவைக்கும் இயந்திரம் கராஜில் இருந்ததால் மூன்று பேருக்கும் பாதி நாள் அங்கேயே கழிகிறது. ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அவள் ரிமோட்டை நீட்டினாள்.

"புதுக் கதவு வந்தப்புறம்தான்க்கா நிம்மதியா இருக்கேன். முன்னாடியெல்லாம் அது இறங்கறப்போ உயிரே போயிடும்."

மருமகள் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். இந்தக் கதவு அன்றைய கதவுகளிலேயே கொடுமையானது. முழங்காலைத் தாண்டியும் விடவில்லை. கடைசியில் அவளே சட்டென்று காலைக் கீழே நீட்டிச் சென்சாரின் குறுக்கே வைத்தாள். அப்போதுதான் நின்றது.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் இறுக்கமா இருக்கு. குழந்தைங்களை உள்ள கூட்டிட்டுப் போங்க, சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

ஏணியில் நின்று திருகைத் திருப்பும்போது அவள் கணக்குப் போட்டாள். இது மூன்று வாரத்துக்கு முன்னால் செய்த கதவு. அப்படியானால் இரண்டு வாரம் என்றது பொய். மூன்று வாரமா? அதற்கும் முன்னாலா?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மாமா கை வைத்துப் பார்ப்பது கதவை மட்டுமல்ல. ஸ்பிரிங் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இரும்புக் கம்பியை ஸ்பிரிங்கில் செருகி, முறுக்கைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மற்றவர் ஸ்க்ரூவை இறுக்குவார். இறுகிவிட்டது என்று இறுக்கியவரின் கைதான் சொல்லும். அவர் 'உருவு' என்று சொன்ன பிறகே கம்பியை உருவ வேண்டும்; இறுகாமல் உருவினால் ஸ்பிரிங் மொத்தமாக விட்டுக்கொண்டு ஆளை அடித்துவிடும். அன்று கம்பியைப் பிடித்திருந்தது அவள் கணவன். ஸ்க்ரூவை இறுக்கியவர் மாமா. உருவு என்று சொன்னவரும் அவரே. பழைய ஸ்க்ரூ, மரை தேய்ந்திருந்தது என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். முப்பத்திரண்டு வருஷக் கையை யார் சந்தேகப்படுவார்கள்?

அவள் வேனில் ஏறிய முதல் நாளே மாமா திருப்புளியையும் ஸ்பானரையும் அவளிடம் கொடுத்து, "இனிமே ஸ்க்ரூவெல்லாம் நீயே இறுக்கிடும்மா" என்றார். மனசு கேட்காமல் சொல்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு, மூன்று, நாலாம் வீட்டுக் கதவுகளையும் சரி பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு. அத்தை வாசல் கதவைத் திறந்தவள், இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வெந்நீரும் பஞ்சும் எடுத்துவர உள்ளே போனாள். வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேசுவது அத்தையின் வேலை. எந்த வீட்டில் எந்தக் கதவு முனகுகிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

"எட்டாம் வீட்டுலேர்ந்து யாராவது கூப்பிட்டாங்களா அத்தை?"

"இல்லையேம்மா. ஏன்?"

"கூப்பிட்டா உடனே சொல்லுங்க."

கதவுக்காரர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அத்தை அவர் கையை வெந்நீரில் முக்கிக் கழுவினாள். நீரிலிருந்து ஆவி பறந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அத்தை அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. பழகிப்போனவள் மாதிரி, தன் விரலை விட்டுப் பார்த்துக் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் கலந்தாள்.

மருமகள் அதைப் பார்த்தாள்.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"மாமாவுக்குக் கையில உணர்ச்சி இல்லங்கறது."

அத்தையின் கை ஒரு கணம் நின்று, மறுபடி துடைக்க ஆரம்பித்தது. "பெரிசா ஒண்ணுமில்லம்மா. வயசானா வர்றதுதானே. சட்டைப் பட்டனைப் போட முடியலைம்பாரு, நான் போட்டு விடுவேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. சொன்னா உடனே வேலைக்குப் போகாதேன்னு அவன் குதிப்பான்னு..."

அவன் என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அத்தைக்கே கேட்டது. இந்த வீட்டில் அவன் என்றால் ஒருவன்தான். பஞ்சை எடுத்து வெட்டின் மேல் வைத்தாள். வைத்த பஞ்சையே மறுபடி வைத்தாள்.



மருமகள் எழுந்து போய், அலமாரியிலிருந்து வேலை டைரியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். எந்த நாள், எந்த வீடு, என்ன வேலை என்று எழுதிவைக்கும் பெரிய டைரி.

"நீங்களே காட்டுங்க மாமா. எந்தப் பக்கத்துலேர்ந்து திரும்பப் போகணும்?"

"இன்னைக்கே பாக்கணுமா?"

"அந்த முதல் வீட்டுல ரெண்டு குழந்தைங்க தவழுது மாமா. இந்த டைரில இன்னும் எத்தனை வீட்டுல எத்தனை பேரோ. எனக்குத் தெரிஞ்சாகணும்."

கட்டுப் போட்ட கையால் பக்கத்தைப் பிடிக்க வரவில்லை. இடது கையால் புரட்டினார். இந்த மாதம். போன மாதம். எல்லாம் மருமகளின் குண்டு எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் நிற்பார் என்று அவள் பார்த்தாள். அவர் நிற்கவில்லை. புரட்டிக்கொண்டே போனார். அத்தை கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடி அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

குண்டு எழுத்து முடிந்தது. அதற்கு முன்னால் மூன்று வாரம் வெற்றுப் பக்கங்கள். அந்த மூன்று வாரமும் இந்த வீட்டிலிருந்து யாரும் வேலைக்குப் போகவில்லை.

இங்கே நிறுத்திவிடுங்கள் மாமா என்று அவள் நினைத்தாள். நிறுத்தியிருந்தால் அதுவும் இன்னொரு பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

அவர் வெற்றுப் பக்கங்களையும் புரட்டினார். இப்போது வேறு எழுத்து. வலது பக்கம் சாய்ந்து, அவசரமாக ஓடும் எழுத்து. அவனுடையது. அந்த எழுத்து இருந்த கடைசிப் பக்கத்தையும் தாண்டி, இன்னும் நாலைந்து பக்கம் பின்னால் போய், ஒரு பக்கத்தில் கையை வைத்தார்.

"இங்கேர்ந்து" என்றார்.

குரல் தெளிவாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் உடைந்தது.

"அவன்கிட்ட சொல்லலாம்னுதான்ம்மா இருந்தேன். அந்த வாரம் நிறைய வேலை. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மருமகளுக்கு அழுகை வரவில்லை. முன்கை மட்டும் வலித்தது. சிவப்பாக இருந்த இடமெல்லாம் இப்போது நீலம் பாரித்திருந்தது. பேனாவை எடுத்து, அவர் கை வைத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு வீடாக எண்ண ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள். ஏழாவது, அவன் எழுத்தில் இருந்த கடைசி வீடு; அங்கே வந்ததும் பேனா புள்ளி வைக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனது.

"இத்தனை வீட்டுக்கும் திரும்பப் போகணுமாம்மா?" என்றாள் அத்தை.

"போகணும் அத்தை. ஒரு வீட்டைத் தவிர."

எந்த வீடு என்று அத்தை கேட்கவில்லை. கத்திரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். மெதுவாக நடந்து கணவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க" என்றாள்.

கல்யாணமான இந்த முப்பத்தாறு வருஷத்தில், அவள் கூப்பிட்டும் அவர் நிமிராமல் இருந்தது அன்றுதான்.